வெள்ளம் சூழ்ந்த மருத்துவமனை

கிளந்தான் மாநிலத்தில் குவால கிராய் என்னும் சிற்றூரில், ஆற்றங்கரையில் ஒரு பழைய படிக்கட்டு இருக்கிறது. மழைக்காலம் வந்துவிட்டால் ஊரார் அந்தப் படிக்கட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்பதே அவர்களுக்கு வானிலை அறிக்கை. காலாஸ், லெபிர் என்னும் இரண்டு ஆறுகள் அந்த ஊருக்கு அருகில் கூடித்தான் கிளந்தான் ஆறாகின்றன. ஆகவே மலைப்பக்கம் எங்கே மழை பெய்தாலும் அதன் கணக்கு அந்தப் படியில் வந்து தெரிந்துவிடும்.

அங்கே அபாய அளவு 25 மீட்டர். 2014ஆம் ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் தண்ணீர் 34 மீட்டரையும் தாண்டியது. மேலே குனோங் காகாவ் மலையில் மூன்றே நாட்களில் 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியிருந்தது. சென்னை நகருக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் கடுமை விளங்கும். 1926இல் வந்த வெள்ளத்தைக் கிளந்தான் மக்கள் 'சிவப்பு வெள்ளம்' என்பார்கள். சேற்றைச் சுமந்து வந்த இந்த வெள்ளத்துக்கு 'மஞ்சள் வெள்ளம்' என்று பெயர் வைத்தார்கள். நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. மானிக் உராய் கிராமத்தில் வீடுகள் இருந்த இடமே தெரியாமல் போயிற்று. கெமுபு ரயில் பாலம் அடித்துச் செல்லப்பட்டது.

இவையெல்லாம் நாளிதழ்களில் விரிவாக வந்தவை. ஆனால் என்னைப் போல் அரசு மருத்துவமனைகளில் மருத்துவ உதவியாளராகக் காலம் தள்ளியவர்களின் மனத்தில் நின்றுவிட்ட செய்தி வேறொன்று. குவால கிராய் மருத்துவமனையே அந்த வெள்ளத்தில் அகப்பட்டுக்கொண்டது. சாலை வழி துண்டிக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தது. மின்சாரம் போயிற்று. சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகளுக்கு ஊழியர்கள் கையால் பையை அமுக்கிச் சுவாசம் கொடுக்க வேண்டியிருந்தது. கடுமையான நோயாளிகள் பிறகு ஹெலிகாப்டரில் ஏற்றப்பட்டு, குபாங் கிரியானில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

கையால் சுவாசம் கொடுப்பது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெரியவர் ஒருவருக்கு ஐந்து ஆறு வினாடிக்கு ஒருமுறை அமுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 600 முறைக்குக் குறையாது. அரை மணியில் கை மரத்துப் போகும். வேகமும் கட்டுக்குள் நிற்காது. ஆள் மாற்றி ஆள் வரவேண்டும். இரவு முழுக்க அப்படி நான்கு நோயாளிகள் என்றால் எத்தனை பேர் தேவை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் அந்தத் தாதியரின் சொந்த வீடுகளும் அதே ஊரில், அதே தண்ணீரில்.

நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் உள்ள வேறுபாடு

ஆபத்து வந்தால் மருத்துவமனைக்கு ஓடலாம் என்று நினைக்கிறோம். மருத்துவமனைக்கே ஆபத்து வந்தால் அது எங்கே ஓடும் என்று நாம் நினைப்பதில்லை. கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் ஏதேனும் பழுதானால், பத்து நிமிட ஓட்டத்தில் இன்னொன்று இருக்கிறது. மாவட்ட மருத்துவமனைக்கு அந்த வசதி இல்லை. அடுத்த மருத்துவமனை அறுபது, எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். போகும் வழியில் ஒரு தாழ்வான பாலமும் மண் சரியும் மேடும் கட்டாயம் இருக்கும். சிறப்பு மருத்துவர்கள் ஓரிருவர். பல இடங்களில் அதுவும் இல்லை. இரத்த இருப்பு சில பைகள். டீசல், பிராணவாயு, மருந்து எல்லாம் லாரியில் வரவேண்டியவை.

ஆகவே, நாட்டுப்புற மருத்துவமனைக்குப் பேரிடர்த் தயார்நிலை என்றால் அதன் பொருள் ஒன்றுதான்: வெளியிலிருந்து யாரும் வராமல், எதுவும் வராமல், மூன்று நாட்களுக்கு ஒரு தீவைப் போலத் தனித்து நின்று இருக்கும் நோயாளிகளைக் காப்பாற்ற முடியுமா? முடியும் என்றால் அது தயாராக இருக்கிறது. சுவரில் மாட்டிய திட்ட அட்டவணை எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தக் கேள்விக்கு விடை இல்லை என்றால் தயாராக இல்லை.

இந்தச் சிந்தனை புதியதன்று. என் தந்தையார் பகாங் ஆற்றோரத் தோட்டம் ஒன்றில் டிரசராக இருந்தவர். பன்னிரண்டு கட்டில் கொண்ட பலகை மருத்துவமனை; டாக்டர் மாதம் இருமுறை வருவார். 1971 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. மழை இரண்டாம் நாளும் விடாமல் பெய்ததும், தந்தையார் யாரையும் கேட்காமல் மருந்துப் பெட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர் காய்ச்சும் பெரிய அண்டா, நாலு மூட்டை அரிசி எல்லாவற்றையும் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு, குன்றின்மேல் இருந்த துரை பங்களாவின் பின்கட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். "டிரசரய்யா, துரை வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?" என்று பெரிய கிராணி குதித்தார். "தண்ணி வந்து கேட்டா நீங்க பதில் சொல்லுங்க கிராணியாரே" என்றார் தந்தையார். மறுநாள் விடியலில் மருத்துவமனையின் சன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். அன்று இரவு அந்தப் பின்கட்டில்தான் ஒரு பிள்ளை பிறந்தது. தந்தையாரிடம் திட்ட நூல் எதுவும் இல்லை. தண்ணீர் வரும் முன்பே எதை மேட்டில் ஏற்ற வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது?

நாட்டுப்புற மருத்துவமனை ஒன்றின் தயார்நிலையை அறிய விரும்பினால் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பெரும்பாலும் அது தரைமட்டத்தில், கட்டடத்தின் பின்புறம், வடிகாலுக்குப் பக்கத்தில் இருக்கும். இரைச்சலும் புகையும் நோயாளிகளுக்குத் தொல்லை தராமல் இருக்கட்டும் என்று கட்டியவர்கள் அங்கே வைத்திருப்பார்கள். அவர்கள் நினைத்ததும் சரிதான். வெள்ளத்தை மட்டும் நினைக்கவில்லை.

ஜெனரேட்டரை மேலே ஏற்றிவிட்டால் போதும் என்றும் எண்ணிவிடக்கூடாது. 2012 அக்டோபரில் சாண்டி என்ற புயல் நியூயார்க் நகரைத் தாக்கியபோது, பெல்வியூ என்னும் புகழ்பெற்ற பொது மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் பத்திரமாகத்தான் இருந்தன. எண்ணெயை மேலே ஏற்றும் பம்பு நிலவறையில் இருந்தது. நிலவறையில் கடல்நீர் புகுந்தது. ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று கைக்குக் கை எண்ணெயை மாற்றி 13 மாடி ஏற்றினார்கள். கடைசியில் நோயாளிகள் அனைவரையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. செல்வம் கொழிக்கும் நகரத்திலேயே நடந்தது இது. பம்பு, எண்ணெய்த் தொட்டி, மின்மாற்று விசைப் பலகை, கம்பி போகும் வழி இவற்றில் ஒன்று தாழ்வாக இருந்தாலும், மொத்தமும் தாழ்வாக இருப்பதற்குச் சமம்.

அடுத்தது எண்ணெய்க் கணக்கு. 100 கே.வி.ஏ. திறனுள்ள ஜெனரேட்டர் முக்கால் பளுவில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் டீசல் குடிக்கும். மூன்று நாளைக்கு 1,440 லிட்டர். பல இடங்களில் தொட்டியில் இருப்பது ஓர் இரவுக்குத்தான் காணும். தேக்கிவைத்த டீசலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் கெட்டு, வடிகட்டியை அடைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜெனரேட்டர் கிளம்ப மறுப்பதற்குப் பெரிய பழுது எதுவும் தேவையில்லை. கிளப்பிவிடும் பேட்டரி செத்துப்போயிருந்தால் போதும். மாதம் ஒருமுறை, வெறுமனே உறும விடாமல், உண்மையான பளுவை ஏற்றி அரைமணி நேரம் ஓட்டிப் பார்ப்பது ஒன்றே இதற்கு மருந்து.

இதில் எனக்கே ஓர் அனுபவம் உண்டு. தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஒரு மாவட்ட மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) பேரிடர் ஒத்திகை நடந்தது. மின்சாரம் போனதாகப் பாவனை செய்ய வேண்டும். ஜெனரேட்டர் அறைக்குப் பூட்டு. சாவி எங்கே என்றால், அதைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் பெருநாள் விடுப்பில் சொந்தக் கம்பத்துக்குப் போய்விட்டார். சாவியும் அவருடைய சட்டைப் பையில் போய்விட்டது. பூட்டை உடைத்தோம். இயந்திரம் கிளம்பவில்லை; பேட்டரி. இருபது நிமிடம் கழித்து வேறு வண்டியின் பேட்டரியைக் கழற்றி மாட்டிக் கிளப்பினோம். எங்கள் இயக்குநர் அம்மையார் கோபித்துக்கொள்வார் என்று நடுங்கிக்கொண்டிருந்தோம். அவரோ, "இன்னைக்கே தெரிஞ்சது நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, சாவியில் மூன்று படி எடுக்கச் சொன்னார். ஒத்திகை நன்றாக நடந்தது என்று அறிக்கை எழுதும் மருத்துவமனைகளைக் கண்டால் எனக்கு இன்றும் ஐயம்தான். ஒன்றுமே தவறவில்லை என்றால் ஒத்திகையைச் சரியாகச் செய்யவில்லை என்று பொருள்.

பிராணவாயுவும் இப்படிக் கணக்குப் போட வேண்டிய பொருளே. ஆள் உயரக் கலன் ஒன்றில் ஏறத்தாழ 7,000 லிட்டர் வாயு இருக்கும். ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் பன்னிரண்டு மணி நேரம்கூட வராது. பத்து நோயாளிகளுக்கு மூன்று நாளைக்கு எத்தனை கலன் என்று எழுதிப் பார்த்தால் அறுபதைத் தாண்டும். கலன் கிடங்கு தாழ்வான இடத்தில் இருந்து தண்ணீர் புகுந்தால், கலன்கள் சாய்ந்து ஒன்றோடொன்று மோதலாம். சங்கிலி போட்டுக் கட்டுவது சில ரிங்கிட் செலவு.

தண்ணீர் சூழ்ந்த இடத்தில் முதலில் தீர்ந்துபோவது நல்ல தண்ணீர். படுக்கை நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர் வரை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நூறு படுக்கை என்றால் ஒரு நாளைக்கு 5,000 லிட்டர். வெள்ளக் காலத்தில் ஊராரும் மருத்துவமனைக்குத்தான் அடைக்கலம் தேடி வருவார்கள். அவர்களைத் துரத்த முடியாது. அவர்களுக்கும் குடிக்க, கழிப்பறைக்குப் போகத் தண்ணீர் வேண்டும்.

சிறுநீரக நோயாளிகள்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுத அன்பர்கள் அனுமதிக்க வேண்டும். நீரிழிவு நம் சமூகத்தில் எவ்வளவு மிகுதி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் பின்விளைவாகச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருபவர் ஒருவரேனும் இல்லாத உறவுக்கூட்டம் இன்று அரிது. அறநிறுவனங்கள் நடத்தும் சுத்திகரிப்பு மையங்களால் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள்.

ஒருமுறை நான்கு மணி நேரம் சுத்திகரிக்க, தூய்மைப்படுத்திய தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 120 லிட்டர் செலவாகும். அதைத் தூய்மைப்படுத்தும்போது வீணாகும் தண்ணீர் தனி. மின்சாரம் இருந்து தண்ணீர் இல்லாவிட்டாலும் இயந்திரம் ஓடாது. ஒரு முறை தவறினால் உடம்பில் நீரும் பொட்டாசியமும் சேரும். மேலும் தவறினால் மூச்சுத் திணறல் வரலாம். இதயம் திடீரென்று நின்றும் போகலாம். வெள்ளத்தில் மூழ்காமலேயே வெள்ளத்தால் இறப்பவர்கள் இவர்கள்.

2021 டிசம்பரில் பகாங்கிலும் சிலாங்கூரிலும் வெள்ளம் வந்தபோது, எங்கள் வீட்டு வரிசையில் குடியிருக்கும் ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டார். அவர் போகும் மையத்தில் தண்ணீர் புகவில்லை. ஆனால் குழாய்நீர் நின்றுவிட்டது. துயர் துடைப்பு மையத்திலிருந்து எனக்குத் தொலைபேசியில் பேசினார். "அண்ணே, நாளைக்காவது மிஷின் ஓடுமா? ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க." என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். டின் மத்தியும் மெகி மீயும். உப்பு மிகுந்த உணவு. தாகம் எடுத்து நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறார். களைப்பாக இருக்கிறதே என்று யாரோ அன்போடு இளநீரும் கொடுத்திருக்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. நமக்கு அது குளிர்ச்சி. அவருக்கு அது நஞ்சுக்கு அடுத்தபடி. பிறகு இளைஞர்கள் சிலர் லாரியில் ஏற்றி, தண்ணீர் வடிந்த பாதையாகப் பார்த்து, வேறு ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரண்டு முறை தவறியிருந்தது. பிழைத்துவிட்டார்.

பின்னால் விசாரித்தபோது தெரிந்த செய்தி எனக்கு அதிர்ச்சி தந்தது. மையத்தில் நோயாளிகளின் பெயர், முகவரி, தொலைபேசி எண், இரத்த வகை எல்லாம் ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தன. கணினியில்தான். மின்சாரம் இல்லாமல் கணினி திறக்கவில்லை. யாருக்குச் சொல்வது, யாரை எங்கே அனுப்புவது என்று தாதியர் நினைவிலிருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கு தாள்கள் அச்சிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

இதற்கு வழி உண்டு. சாண்டி புயலுக்கு முந்திய நாட்களில் நியூயார்க், நியூஜெர்சி பகுதிகளில் பல மையங்கள் முறை வருவதற்கு முன்பே நோயாளிகளை அழைத்துச் சுத்திகரிப்புச் செய்து அனுப்பின. அப்படி முன்கூட்டியே செய்துகொண்டவர்களிடையே பிந்திய நாட்களில் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் குறைவாக இருந்ததாக ஆய்வில் தெரிந்தது. புயலைப் போலவே நம் பருவமழை வெள்ளமும் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. ஆற்றுமட்டம் எச்சரிக்கை அளவைத் தொட்டதுமே அழைத்துவிடலாம். நோயாளியும், மூன்று நாள் சுத்திகரிப்புக் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, என்ன உண்பது, தண்ணீரை எவ்வளவு குறைப்பது என்று தம் மருத்துவரிடம் முன்னமே எழுதி வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். வாழைப்பழம், பேரீச்சை, உருளைக்கிழங்கு, தக்காளி, இளநீர் ஆகியவற்றை விலக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும் ஒரு சொல்: பயன்பாட்டில் உள்ள புட்டி 30 பாகைக்கு மிகாத வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். மின்சாரம் போனதும் மருந்து கெட்டது என்று ஊசியை நிறுத்திவிட வேண்டாம். ஈர மண்பானைக்குள் தண்ணீர் படாமல் வைக்கலாம்.

கட்டடமும் கணக்கும்

மருத்துவமனையை எங்கே கட்டுவது என்பதே பாதி வெற்றி. இதற்கு ஜப்பானைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. 2011 மார்ச் 11 அன்று வந்த ஆழிப்பேரலையில், மினாமிசன்ரிக்கு என்னும் மீனவ ஊரின் ஐந்து மாடி மருத்துவமனை நான்காம் மாடிவரை மூழ்கியது. எழுபதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் மாண்டனர். ஊழியர்கள் நோயாளிகளை முதுகில் சுமந்து மாடி ஏறிக்கொண்டிருந்தபோதே அலை வந்துவிட்டது. அதே கடற்கரைப் பகுதியில் இஷினோமாக்கி செஞ்சிலுவை மருத்துவமனை 2006இல் கடலிலிருந்து உள்ளே தள்ளி, நிலத்தை மூன்று மீட்டர் உயர்த்தி, நில அதிர்ச்சியைத் தாங்கும் அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டிருந்தது. அன்று அந்த வட்டாரம் முழுவதற்கும் இயங்கிய மருத்துவமனை அது ஒன்றே.

அங்கே நடந்த இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. முதல் நாள் வந்த நோயாளிகள் நூறு பேருக்கும் குறைவு. சாலைகள் மூழ்கிக் கிடந்ததால் யாரும் வர முடியவில்லை. மூன்றாம் நாள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். முதல் நாள் அமைதியாக இருந்தது என்று ஊழியர்கள் ஓய்ந்துவிட்டாலோ, எல்லாரையும் முதல் இரவே களைக்க விட்டாலோ மூன்றாம் நாளில் ஆள் இருக்காது.

குஜராத்தில் 2001 ஜனவரி 26ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் பூஜ் நகர அரசு மருத்துவமனை இடிந்து விழுந்தது. காயம்பட்டவர்கள் எங்கே போவார்களோ அந்த இடமே இல்லை. பிறகு அதே ஊரில் ஈயமும் ரப்பரும் கலந்த தாங்கிகளின்மேல் புதிய மருத்துவமனை எழுப்பி 2004இல் திறந்தார்கள். இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் 2004 ஆழிப்பேரலை மருத்துவமனையையே அழித்தது.

எல்லா ஊரிலும் புதிய கட்டடம் கட்ட இயலாது என்பது உண்மை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் அதன் அமெரிக்க வட்டார அமைப்பும் 'மருத்துவமனைப் பாதுகாப்புக் குறியீடு' என்ற ஒன்றை வகுத்தன. 2015இல் வந்த இரண்டாம் பதிப்பில் 151 கேள்விகள். தூண் உறுதியா என்பது முதல், அலமாரி சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா, தொலைபேசி செத்தால் மாற்று வழி என்ன என்பது வரை. விடைகளைக் கூட்டி மருத்துவமனையை மூன்று தரமாகப் பிரிப்பார்கள். சிறப்பு என்னவென்றால், சிறிய குழு ஒன்று ஓரிரு நாளில் செய்துவிடலாம். கேள்விகளில் கணிசமானவை பணத்தைக் கேட்பதில்லை, கவனத்தைக் கேட்கின்றன. நம் நாட்டில் 1997இல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் ஆணை வந்தது. 2014 வெள்ளத்துக்குப் பின் 2015இல் நட்மா என்னும் பேரிடர் நிர்வாக நிறுவனமும் அமைந்தது. மேல்மட்டத்தில் அமைப்பு இருக்கிறது. சாவி யாருடைய சட்டைப் பையில் இருக்கிறது என்பதைக் கீழ்மட்டத்தில்தான் பார்க்க முடியும்.

தண்ணீர் வடிந்த பிறகும் மருத்துவமனைக்கு ஓய்வில்லை. கிளந்தானில் 2014 வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் கூடியது. வீடு கழுவப் போகிறவர்கள் காலணியும் கையுறையும் அணிய வேண்டும்; காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் பனடோலை விழுங்கிவிட்டுப் படுத்துவிடாமல், வெள்ளநீரில் நின்றதைச் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

என் பக்கத்து வீட்டுக்காரருக்கு நேர்ந்ததற்குப் பிறகு, எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். கணினி இல்லை, கோடு போட்ட சாதாரண நோட்டு. சுத்திகரிப்புக்குப் போகிறவர், வீட்டில் பிராணவாயுக் கலன் வைத்திருப்பவர், பிரசவம் நெருங்கிய பெண், எழுந்து நடக்க முடியாத பெரியவர் என்று அவரவர் சம்மதத்தோடு எழுதிவைக்கிறோம். பக்கத்தில் எந்த வீட்டில் லாரி, எந்த வீட்டில் படகு என்று குறிப்பு. ஒரு படியை மருத்துவமனை அவசரப் பிரிவில் கொடுத்திருக்கிறோம். அங்குள்ள இளம் மருத்துவ உதவியாளர் அதை ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார். அக்டோபர் கடைசியில் வீடு வீடாகப் போய்ப் பெயர்களைச் சரிபார்ப்பது என் வேலை. சென்ற முறை பதினொரு பெயர்கள். அதில் ஒருவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், ஒருவர் காலமாகிவிட்டார், ஒரு பெண்ணுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறந்துவிட்டது. புதிதாக நான்கு பெயர்கள் எழுதினேன்.